அழுத்தினால் மட்டும் திக்குகிறதா? இன்ஜெக்டரை விடுங்கள், காயிலைக் கழற்றுங்கள்

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். நாலு சிலிண்டர், 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 70,000 கிலோமீட்டர் ஓடியது. ஞாயிறு காலை எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எப்போதாவது இரண்டு மூன்று முறை திக்குகிறது. செக் எஞ்சின் விளக்கு சிமிட்டிவிட்டு நின்றுவிடுகிறது. நிறுத்தி வைத்து ஓடவிட்டால், ஐடிலில், ஒன்றும் தெரியாது. மழை நாளில் கொஞ்சம் அதிகம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலையும் மாற்றச் சொல்கிறார்கள் ஷெட்டில். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஐடிலில் ஒழுங்காக ஓடி, அழுத்தும்போது மட்டும் வண்டி மிஸ் ஆனால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போனால், என் முதல் சந்தேகம் பொறி கொடுக்கும் இக்னிஷன் மேல்தான். டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பிளக் முனையின் இடைவெளியைப் பொறி தாண்ட வேண்டுமானால் வோல்டேஜும் ஏற வேண்டும். அந்த வோல்டேஜைக் கொடுப்பது பிளக்கின் மேல் உட்காரும் காயில். சோர்ந்துபோன காயிலும் தேய்ந்த பிளக்கும் ஐடிலில் சமாளித்துவிடும், நாலாவது கியரில் கால் வைத்ததும் மாட்டிக்கொள்ளும். உள்ளே தாண்ட முடியாத கரண்ட், வெளியே ஈரமான வழி கிடைத்தால் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். மழை நாள் கணக்கும் இதில் சரியாக உட்காருகிறது. இன்ஜெக்டர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஐடிலிலேயே நடுக்கம் தெரியும். வால்வில் கரி படிந்திருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறும்.

ஸ்கேன் போடும்போது ஒரு விஷயம். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்ணை (கோட்) அழித்துவிட்டு வண்டியைக் கொடுப்பது பல ஷெட்களில் பழக்கம். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அந்த எண்ணோடு சேர்த்து ஃபிரீஸ் ஃபிரேமும் போய்விடும். மிஸ் ஆன நொடியில் ஆர்பிஎம் என்ன, லோடு என்ன, கூலன்ட் சூடு என்ன என்று வண்டியே எழுதிவைத்த வாக்குமூலம் அது. முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி 0301 முதல் பி 0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பெரும்பாலும் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்று, மேனுவலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். பி 0300 மட்டும் வந்தால் கதை வேறு: எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஃப்யூல் பிரஷர், காற்றுக் கசிவு, தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று தேட வேண்டும்.

பி 0303 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூன்றாவது காயிலைக் கழற்றுங்கள். கனெக்டர் பின்களைப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் மேலே போக வேண்டாம். அப்புறம் காயிலின் அடியில் பிளக் மேல் மாட்டும் ரப்பர் உறையை (பூட்) டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சென்ற மழைக்காலத்தில் இப்படி ஒரு வண்டி வந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. ரப்பர் உறையின் உள்பக்கத்தில் அதே இடத்தில் இன்னொரு கோடு. கரண்ட் வெளியே ஓடிய பாதை அது. துடைத்தால் போகாது. பிளக், பூட் இரண்டையும் சேர்த்து மாற்றினால்தான் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

கண்ணுக்கு ஒன்றும் படவில்லையா? இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றின் காயிலை ஒன்றுக்கும், மூன்றின் பிளக்கை இரண்டுக்கும் மாற்றிப் போடுங்கள். அங்கிருந்தவை மூன்றுக்கு வரட்டும். பிளக்கைக் கையால் திருகி உட்கார வைத்துவிட்டு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். கோளாறு எண்ணை இப்போது அழிக்கலாம். பிறகு கன்டெய்னர் லாரி வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து, அதே நாலாவது கியர், அதே அழுத்து. விட்டு விட்டு வரும் கோளாறு என்பதால் ஒரே நாளில் வராமல் போகலாம், இரண்டு மூன்று ஞாயிறு ஆகலாம். விளக்கு சிமிட்டினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அதுவும் கெட்டுப்போகும்.

பி 0301 வந்தால் காயில். பி 0302 வந்தால் பிளக்; அப்போது நாலையும் மாற்றிவிடுங்கள், 70,000 ஓடியதற்கு எப்படியும் நேரமாகியிருக்கும். பிளக் முனையின் இடைவெளியை மேனுவல் சொல்லும் அளவுக்கே வையுங்கள். பி 0303 அசையாமல் அங்கேயே நின்றால் வயரிங், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இரண்டையும் சோதித்துவிட்டு இன்ஜெக்டரைப் பற்றிப் பேசலாம். அதுவும் ஒன்றைப் பற்றித்தான், நாலைப் பற்றி அல்ல.