மைக்கை மாற்றும் முன் அறையைக் கேளுங்கள்

வீட்டிலேயே குரல் பதிவு செய்வது பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பத்துக்குப் பத்து அறையில் தேவாரம் பாடிப் பதிவு செய்கிறேன். குளியலறையில் நின்று பாடியதுபோல் கேட்கிறது. இப்போது இருப்பது 300 ரிங்கிட் யூஎஸ்பி மைக். 1,500 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தக் கண்டென்சர் மைக் வாங்கலாம்?
(வாசகர், செந்தூல்)

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கோளாறு மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது. நடு அறையில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் ஓய்ந்த பிறகும் 'டிர்ர்' என்று ஒரு நடுக்கம் இழுத்துக்கொண்டு வரும். ஓடு பதித்த தரையும் வெறும் சிமெண்டுச் சுவர்களும் ஒலியை ஒன்றுக்கொன்று பந்தாடுவதுதான் அது. கண்டென்சர்போல இன்னும் கூர்மையான மைக் வாங்கினால் அந்தப் பந்தாட்டம் இன்னும் தெளிவாகப் பதிவாகும்.

வீட்டில் தடிமனான தோத்தோ (தரையில் விரித்துப் படுக்கும் மெத்தை) இரண்டு இருக்குமே, அதை எடுங்கள். எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாடுகிறவருக்கு எதிரே, மைக்கின் முதுகுப் பக்கம் கட்டுகிறார்கள். பாடகர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் கார்டியாய்ட் வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அதற்கு நன்றாகக் கேட்பது முன்பக்கம், அதாவது நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரும். ஆகவே தோத்தோ உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து, சுவரை ஒட்டாமல் நாலைந்து அங்குலம் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அந்த இடைவெளி இருந்தால்தான் கொஞ்சம் தாழ்ந்த சுருதியும் அடங்கும். துணி நிறைந்த அலமாரி இருந்தால் கதவைத் திறந்துவிட்டு அதற்கு முதுகு காட்டி நின்றாலும் சரி. தரைக்கு ஒரு கம்பளம் போதும்.

நிற்கும் இடமும் முக்கியம். பத்தடி அறையில் 56 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸும் இயல்பாகவே முழங்கும். ஆண் குரலின் கீழ்ஸ்தாயி இந்த 112-ஐ ஒட்டித்தான் வரும். சரியாக நடு அறையில் மைக்கை நிறுத்தினால் அந்த ஒரு சுரம் மட்டும் குடத்துக்குள் பேசியதுபோல் உப்பும். பின்சுவரிலிருந்து சுமார் மூன்றடியில் மைக் இருக்கட்டும். சுவருக்கும் மைக்குக்கும் நடுவே தோத்தோவும் நீங்களும். மூலையில் மட்டும் வேண்டாம்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி ஏறக்குறைய இருந்த அளவிலேயே நிற்கும். காசு செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது. 10 சென்டிமீட்டருக்கும் கீழே போனால் அடித்தொண்டை கனத்து, 'ப' எல்லாம் வெடிக்கும். வாய்க்காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். மைக்குக்கு நேராக ஊதாமல், வாய் சற்றே பக்கவாட்டில் பார்க்கும்படி நின்றால் 'ச', 'ஸ' சீறுவதும் குறையும்.

முட்டை அட்டை ஒட்டும் யோசனையைக் கைவிடுங்கள். ஒலியும் அடங்காது, தீப்பிடித்தால் ஆபத்து. ஓர் அங்குல ஃபோம் உச்சஸ்தாயியை மட்டும் விழுங்கிவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும்.

இத்தனையும் செய்து பாடிப் பார்த்த பிறகு 1,500-ஐத் தொடலாம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இண்டர்பேஸ் பெட்டிக்கு 600, மைக்குக்கு 450, காதை முழுதாக மூடும் ஹெட்போனுக்கு 250, மிச்சத்தில் கனமான ஸ்டாண்டும் மூன்று மீட்டர் எக்ஸ்எல்ஆர் (மைக்குக்கான மூன்று ஊசி) கேபிளும். ஸ்டாண்டில் மிச்சம் பிடித்தால் பாட்டின் நடுவே மைக் மெல்லத் தலைகுனியும்.

கேள்வி: சாலையோர ஃபிளாட். கண்டென்சரா, டைனமிக்கா? எல்லோரும் ஷூர் எஸ்எம்7பி என்கிறார்களே?
(வாசகி, பட்டர்வொர்த்)

சாலையோரம் என்றால் டைனமிக், அதாவது மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை. தெருச் சத்தத்தை அது தடுத்துவிடும் என்பதற்காக அல்ல. வாயை ஒட்டி வைத்துப் பாட வசதியானது, அதனால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போகும். 1966 முதல் மேடைகளில் இருக்கும் ஷூரின் எஸ்எம்58 உங்களுக்குத் தாராளம். எஸ்எம்7பி நல்ல மைக்தான், ஆனால் அது கொடுக்கும் சிக்னல் மிகச் சன்னம். இண்டர்பேஸ் 60 டெசிபல் அளவுக்காவது சத்தமில்லாமல் தூக்கிக் கொடுக்க வேண்டும். மலிவான பெட்டிகளில் கெயினை (சிக்னலைத் தூக்கும் அளவை) கடைசிவரை திருகினால் குரலோடு 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும். வாங்கும் முன் பெட்டியின் விவரத்தில் அதிகபட்ச கெயின் எவ்வளவு என்று பாருங்கள்.

கண்டென்சர்தான் வேண்டும் என்றால் கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பேண்டம் பவர் உள்ள இண்டர்பேஸ் கட்டாயம். ஹெட்போன் துளையில் செருகும் கம்பியோடு வரும் மலிவு 'ஸ்டூடியோ செட்'களுக்கு அந்த மின்சாரம் கிடைப்பதில்லை, இரைச்சலுக்கு அதுவே பாதிக் காரணம். மைக் தானே எழுப்பும் சுய இரைச்சல் பற்றியும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆடியோ-டெக்னிகா ஏடி2020-க்கு அது 20 டெசிபல், ரோட் என்டி1-க்கு 4 அல்லது 5. நள்ளிரவிலும் 30 டெசிபலுக்குக் கீழே இறங்காத அறையில் இந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது.

பதிவு நேரத்தில் ஏர்கானையும் காத்தாடியையும் நிறுத்தத்தான் வேண்டும். அறையை முன்கூட்டியே குளிர வைத்துவிட்டு இரண்டு இரண்டு வரியாகப் பாடுங்கள். விடியற்காலை அமைதி என்று நம்பி உட்காராதீர்கள், குயில் விடாது. சாயங்கால மழை துத்தநாகக் கூரையில் இறங்கினால் எந்த மைக்கும் உதவாது.

கேள்வி: கண்டென்சர் மைக் திடீரென்று பொரிவதுபோல் 'பட் பட்' என்கிறது. போய்விட்டதா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பெரும்பாலும் ஈரம். உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் மின்னேற்றம் தங்கினால்தான் கண்டென்சர் வேலை செய்யும். ஈரம் படிந்தால் அது கசியும், கசிவதுதான் பொரிகிற சத்தம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதிலும் சத்தம் தொடர்ந்தால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், தூசு உள்ளே போகும். ஹேர்டிரையரும் வேண்டாம், தகடு நெளியும்.

நம் ஊர்க் காற்றில் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடும் பழக்கம் ஆகாது. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை பாக்ஸ் இருந்தால் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கையான அறைக்குக் கொண்டுபோனால் உறையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள், இல்லையேல் குளிர்ந்த கண்ணாடிக் குவளையில் வேர்ப்பதுபோல் உள்ளேயும் வேர்க்கும்.

கேள்வி: பாடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். சார்ஜரைக் கழற்றினால் போய்விடுகிறது.
(வாசகி, பாயான் பாரு)

விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். சார்ஜர் இல்லாமல் முடியாது என்றால் லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள்; வெவ்வேறு சுவர்த் துளைகளின் எர்த் வழியே சுற்றி வரும் மின்சாரம்தான் பல வீடுகளில் இந்த 50 ஹெர்ட்ஸ் ஓசைக்குக் காரணம். எர்த் ஊசியை உடைத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உயிரோடு விளையாட்டு. இரைச்சல் 'ஜ்ஜ்ஜ்' என்று கரகரப்பாக இருந்தால் காத்தாடியின் வேகக் கட்டுப்பாட்டையும் மங்கலாக்கும் விளக்கையும் அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: பின்னணி இசையைக் கேட்டுக்கொண்டே பாடினால் தாளம் பிந்துகிறது. பாடியதை இசையமைக்கும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'குரல் தேய்ந்திருக்கிறது' என்கிறார்.
(வாசகர், கிள்ளான்)

புளூடூத் ஹெட்போனா? கழற்றுங்கள், கம்பி போட்டதுதான் வேண்டும். இண்டர்பேஸில் 'டைரக்ட்' பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள், குரல் கணினிக்குள் போய்ச் சுற்றாமல் நேரே காதுக்கு வரும். கணினி வழியாகத்தான் கேட்கிறீர்கள் என்றால் பதிவு மென்பொருளில் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலித்துளிகளின் எண்ணிக்கையை) 128-க்கு இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கு 3 மில்லிவினாடிக்கும் குறைவு. 'க்ளிக்' சத்தம் வந்தால் 256.

பதிவு அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ (ஒற்றைத் தடம்) என்று இருக்கட்டும். மிக உரக்கப் பாடும் இடத்திலும் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் கெயினை வையுங்கள். சிவப்பைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தைத் திரும்பப் பாடுவதுதான் வழி. இப்படி எடுத்த வேவ் கோப்பு நிமிடத்துக்கு 8.6 எம்பி, நாலு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 35 எம்பி. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினால் அது சுருக்கிவிடும், 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். முதல் வரி எங்கே தொடங்கினாலும் கோப்பை இசையின் பூஜ்ஜிய வினாடியிலிருந்தே எடுத்து அனுப்புங்கள். நண்பர் இடம் தேடாமல் அப்படியே பொருத்திக்கொள்வார்.