கனவில் பாம்பு வந்தால் பரிகாரமா? வாசகர் கேள்விகளுக்கு மனநல ஆலோசகர் பதில்

கனவுக்குப் பலன் கேட்டு வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பஞ்சாங்கத்தில் இருப்பது போல ‘இது வந்தால் இது நடக்கும்’ என்ற பட்டியல் என்னிடம் கிடையாது.

கல்யாணமாகி இரண்டு வருஷம். கனவில் அடிக்கடி பாம்பு வருகிறது. அரிசி டிரம்முக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். நான் கத்துவேன். ஹாலில் இருக்கிற யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். நாகதோஷம், பரிகாரம் செய்யணும் என்கிறார் மாமியார். கடன் வாங்கித்தான் செய்ய முடியும்.
— வாசகி, வியாசர்பாடி

பாம்பைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம் அம்மா. எனக்கு உறுத்தியது அந்த சீரியல்தான்.

பாம்புக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்கிறது. மனப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த டாக்டர் ஃபிராய்டைக் கேட்டால் காமம் என்பார். புற்றுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு அது அம்மன். கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம் குடியிருந்து, மழைத் தண்ணீரோடு பாம்பு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவருக்கு அது வெறும் பாம்பு. கனவில் வரும் பொருள் கனவு கண்டவருக்கு என்னவாக இருக்கிறது என்று முதலில் கேட்கச் சொன்னவர் மனநல மருத்துவர் யூங். நானும் அந்தக் கட்சிதான்.

உங்கள் பாம்பு கடிக்கவில்லை, துரத்தவும் இல்லை. கனவு முழுக்க நடப்பது ஒன்றே ஒன்று: நீங்கள் கத்துகிறீர்கள், யார் காதிலும் விழவில்லை. எழுந்ததும் பயம் அதிகமா, ஆத்திரம் அதிகமா? ஆத்திரம் என்றால், அந்த வீட்டில் நீங்கள் சொல்லி எடுபடாமல் போன விஷயம் எது என்று யோசியுங்கள். வேலைக்குப் போவதா, குழந்தைப் பேச்சா, தனிக்குடித்தனமா, உங்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரரிடம் டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

மனசு கேட்கவில்லை என்றால் திருவொற்றியூர் வடிவுடையம்மனைக் கும்பிட்டு வாருங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்கூடக் கிடையாது. கடன் வாங்கிப் பரிகாரம் வேண்டவே வேண்டாம்.

ஆட்டோ ஓட்டுகிறேன். பல்லெல்லாம் கொட்டி உள்ளங்கையில் விழுவது மாதிரி கனவு. வீட்டில் சாவு விழும் என்கிறார்களே?
— வாசகர், ராயபுரம்

விழாது. இதற்கு ஃபிராய்டு சொன்ன விளக்கத்தைக் குடும்பத்தோடு படிக்கிற இடத்தில் எழுத முடியாது. 2018-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பல் கனவு மன உளைச்சலோடு ஒத்துப்போகவில்லை. காலையில் பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கிற இறுக்கத்தோடுதான் ஒத்துப்போனது. எழுந்ததும் தாடை வலிக்கிறது என்றால் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களோ என்னவோ. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டிவிடுங்கள்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். இன்னமும் கணக்குப் பரீட்சைக்கு லேட்டாகப் போவதாகக் கனவு வருகிறது. ஹால் டிக்கெட்டைக் காணோம்!
— வாசகர், தண்டையார்பேட்டை

கணக்கில் நீங்கள் பாஸ்தானே ஐயா? அநேகமாக அப்படித்தான் இருக்கும். பாஸான பரீட்சைதான் கனவில் வரும், பெயிலானது வராது என்று ஃபிராய்டு எழுதியிருக்கிறார். அவரே தடய மருத்துவத்தில் ஒரு தடவை தோற்றவர். அது அவர் கனவில் வரவில்லையாம், தேறிய தாவரவியலும் வேதியியலும்தான் வந்தனவாம். ‘அன்றைக்கும் இப்படித்தான் பயந்தாய், என்ன ஆயிற்று?’ என்று மனசு தட்டிக்கொடுப்பதாக அவர் கணக்கு. இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரி டெஸ்டோ, பேத்தி கல்யாணப் பேச்சோ இருந்ததா என்று பாருங்கள்.

சுனாமி வந்தப்போ சின்னப் பொண்ணு. தண்ணி உள்ளே ஏறும், தம்பி கை என் கையை விட்டு நழுவும், அதோட முழிச்சிடுவேன். தம்பி பிழைச்சுட்டான், இப்போ விசைப்படகுல போறான். மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சதுல இருந்து கனவு ஜாஸ்தி. கடல்னா ஆழ்மனசுன்னு யூடியூப்ல சொல்றாங்க.
— வாசகி, காசிமேடு

யூடியூப்காரருக்குக் கடல் ஆழ்மனசாக இருக்கலாம். உங்களுக்குக் கடல் கடல்தான். 2004 டிசம்பர் 26-ஐ நேரில் பார்த்தவருக்கு இது குறியீடு இல்லை, ஆறாத நினைவு. ஒரே காட்சி, ஒரே இடத்தில் அறுந்து, நெஞ்சு படபடக்க எழுப்பிவிடுவது அதன் அடையாளம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தம்பி கரையில் இருந்தான், நீங்களும் தூங்கினீர்கள். அவன் படகு ஏறியதும் கனவும் ஏறிவிட்டது.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பகலில், வெளிச்சத்தில், கனவை எழுதுங்கள். பிறகு உங்கள் இஷ்டப்படி ஓர் இடத்தை மாற்றுங்கள்: கை நழுவவில்லை, இரண்டு பேரும் மாடிப்படி ஏறிவிட்டீர்கள், தம்பி வலையை உதறிக்கொண்டு ‘அக்கா, டீ போடு’ என்கிறான். எதுவானாலும் சரி. பழைய கனவை விட்டுவிட்டு, மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்து, இருபது நிமிஷம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவால் தவித்த பெண்களிடம் இதைச் சோதித்துப் பலன் கண்டு, 2001-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். எழுதும்போதே மூச்சு முட்டினால் நிறுத்திவிடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு செய்யலாம்.

விடியக்காலைக் கனவு பலிக்குமா?
— கொருக்குப்பேட்டை

பலிக்கிறதோ இல்லையோ, நினைவில் நிற்கும். கண்கள் உருளும் கனவுத் தூக்கம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை வரும். விடியும் நேரத்தில்தான் அது நீளம். அதிலிருந்து நேராக எழுந்துகொள்கிறோம். நினைவில் நின்ற கனவுதானே பலித்ததா என்று பார்க்கப்படும்?

வீட்டுக்காரருக்கு 63. தூக்கத்தில் நாய் துரத்துகிறது என்று கத்தி எட்டி உதைக்கிறார். போன வாரம் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். நாய் என்றால் பைரவர் கோபமா?
— வாசகி, எண்ணூர்

நாயை விடுங்கள் அம்மா, உதையைக் கவனியுங்கள். கனவு காணும்போது உடம்பு அசையாதபடி மூளை கட்டிப்போட்டுவிடும். அந்தக் கட்டு அவிழ்ந்தால்தான் இப்படி ஆகும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் வரும்; சிலருக்குப் பல வருஷம் கழித்து வரப்போகும் பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். அதனால் நரம்பியல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அதுவரை கீழே பாய் போட்டுப் படுக்க வையுங்கள், பக்கத்தில் ஸ்டூல், டேபிள் ஃபேன் எதுவும் வேண்டாம், நீங்கள் தள்ளிப் படுங்கள். அவர் உதைப்பதை மகனை விட்டு செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.