உலக அரசியல் பொருளாதாரத்தில் முதுகலை: பொருளியல் படிக்காதவர் சேரலாமா?

கேள்வி: இளங்கலையில் வரலாறு படித்தேன். உலக அரசியல் பொருளாதாரத்தில் முதுகலை சேர விருப்பம். பொருளியலை முறையாகப் படித்ததில்லை, கணக்கும் பள்ளியோடு நின்றுவிட்டது. சமாளிக்க முடியுமா? முன்கூட்டியே என்ன படித்து வைக்க வேண்டும்?

பதில்: முடியும். ஆனால் உங்களுக்குக் கணக்கு வருமா என்பதற்கு முன்னால், சேரப்போகும் படிப்பு எந்த மரபைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும், உள்ளே நடப்பது வேறு வேறு படிப்பாக இருக்கும்.

பொருளியலும் பன்னாட்டு உறவுகளும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை என்று பிரிட்டிஷ் அறிஞர் சூசன் ஸ்ட்ரேஞ்ச் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த இடைவெளியை நிரப்ப வளர்ந்த துறை இரண்டு கிளையாகப் பிரிந்தது. அமெரிக்க மரபு, பிரிட்டிஷ் மரபு என்று இத்துறை அறிஞர் பெஞ்சமின் கோஹன் இவற்றைப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவதில் கேள்வி குறுகலாக இருக்கும்: எந்தத் தொழில்துறை இறக்குமதி வரியைக் கேட்கிறது, எந்த அரசு தருகிறது, ஏன்? விடை பெரும்பாலும் புள்ளியியல் வழியாக வரும். இரண்டாவதில் கேள்வி அகலமானது: இன்றைய உலக ஒழுங்கு எப்படி உருவானது, அது யாருக்குச் சாதகம்? அங்கே வரலாறும் கோட்பாடும்தான் கருவிகள். ராபர்ட் காக்ஸ் போன்ற கோட்பாட்டாளர்கள் அந்தப் பக்கம்.

வரலாறு படித்தவருக்கு இரண்டாவது இயல்பாகப் பொருந்தும். அதற்காக முதலாவதை ஒதுக்க வேண்டியதில்லை. எதில் நுழைகிறோம் என்று தெரிந்து நுழைந்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க விளம்பரக் கையேடு உதவாது. கட்டாயமான ஆய்வு முறையியல் தாளின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரத்துக்கு வாரம் ரெக்ரஷன் (ஒரு காரணி இன்னொன்றோடு எவ்வளவு தொடர்புடையது என்று அளக்கும் புள்ளியியல் முறை) இருந்தால் அமெரிக்க மரபு. ஆவண ஆய்வு, நேர்காணல், ஒப்பீட்டு வரலாறு என்று போனால் மற்றது. பிறகு முதன்மைத் தாளின் வாசிப்புப் பட்டியலையும், ஆசிரியர்கள் அண்மையில் வெளியிட்ட இரண்டு மூன்று கட்டுரைகளையும் புரட்டுங்கள். அரை நாள் வேலைதான்.

படிப்பின் நீளமும் முக்கியம். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டு, அந்நாட்டு அளவில் 180 கிரெடிட். அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஆய்வேட்டுக்குப் போய்விடும். ஐரோப்பாவில் 120 ஐரோப்பிய கிரெடிட் கொண்ட இரண்டாண்டுப் படிப்புகள் பரவலாக உண்டு. ஓராண்டுப் படிப்பில் விட்டுப்போன பொருளியலை ஈடுகட்ட நேரமே கிடைக்காது. பாடங்களைப் பிடித்துக்கொள்வதற்குள் ஆய்வேட்டுத் தலைப்பைக் கேட்டுவிடுவார்கள். பொருளியலில் பூஜ்யத்திலிருந்து தொடங்குபவருக்கு, பணமும் காலமும் இடம்கொடுத்தால், இரண்டாண்டே நல்லது.

இனிப் பொருளியல். முழுப் பாடநூலையும் விழுங்க வேண்டாம். வளர்ச்சி மாதிரிகளையும் நுகர்வோர் சமன்பாடுகளையும் இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். தள்ளவே முடியாதது அயல்நாட்டுச் செலுத்துநிலை (balance of payments), அதாவது ஒரு நாடு வெளிநாடுகளோடு வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல் கணக்கு. ஒரு நாட்டின் நடப்புக் கணக்கில் (சரக்கு, சேவை, வருமானம் ஆகியவற்றின் வரவு செலவில்) பற்றாக்குறை என்றால், அதே அளவுக்கு அந்த நாடு வெளியில் கடன் வாங்கியிருக்கிறது, அல்லது சொத்தை விற்றிருக்கிறது, அல்லது அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்திருக்கிறது. வேறு வழி கிடையாது, ஏனென்றால் கணக்கு நேராக வேண்டும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பற்றாக்குறையை 'நஷ்டம்' என்றும் உபரியை 'லாபம்' என்றும் எழுதிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு நாட்டை எடுத்து, பன்னாட்டு நிதியம் வெளியிடும் அதன் செலுத்துநிலை அட்டவணையைப் பத்து ஆண்டுகளுக்கு வரிவரியாகப் படியுங்கள். பற்றாக்குறையை எது நிரப்பியது, நேரடி முதலீடா, குறுகிய காலக் கடனா என்று பாருங்கள். நெருக்கடியில் முதலில் ஓடுவது இரண்டாவதுதான்.

அடுத்தது முண்டெல், ஃபிளெமிங் ஆகிய பொருளியலாளர்களின் ஆய்விலிருந்து வந்த 'முத்தடை' (trilemma). நிலையான நாணய மாற்று விகிதம், தடையற்ற மூலதனப் போக்குவரத்து, சுதந்திரமான வட்டிக் கொள்கை ஆகிய மூன்றில் ஒரு நாடு இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இதை மனப்பாடம் செய்வதைவிட வரலாற்றில் வைத்துப் பார்ப்பது உங்களுக்கு எளிது. 1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் உருவான உலக நாணய ஏற்பாடு மூலதனப் போக்குவரத்தைக் கட்டுக்குள் வைத்தது. யூரோ நாடுகள் சொந்த வட்டிக் கொள்கையைக் கைவிட்டன. மூன்றையும் பிடித்துக்கொள்ளப் பார்த்த பிரிட்டன் 1992 செப்டம்பர் 16 அன்று, நாணய மதிப்புகளைக் குறுகிய வரம்புக்குள் கட்டிவைத்த ஐரோப்பிய மாற்று விகித ஏற்பாட்டிலிருந்து வெளியேற நேர்ந்தது. மலேசியா 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து ரிங்கிட்டை டாலரோடு கட்டியது. இதுவரை சொன்னது பொருளியல். மூன்றில் எதைக் கைவிடுவது, அதன் சுமை ஏற்றுமதியாளர் தலையிலா, அந்நிய நாணயத்தில் கடன் வாங்கியவர் தலையிலா, அதை முடிவு செய்யும் இடத்தில் யார் குரல் எடுபட்டது என்று கேட்கும்போதுதான் உங்கள் துறை தொடங்குகிறது.

மூன்றாவதாக, வர்த்தகத்தால் யாருக்கு இழப்பு என்பது. 1941இல் வந்த ஸ்டோல்பர்–சாமுவெல்சன் தேற்றத்தின்படி, வர்த்தகத்தைத் திறப்பதா என்ற கேள்வியில் உழைப்பு ஒரு பக்கமாகவும் மூலதனம் எதிர்ப்பக்கமாகவும் நிற்கும். தொழிலாளர்களும் மூலதனமும் ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் மாற முடியாது என்று வைத்துக்கொண்டால், ஒரே தொழிலின் முதலாளியும் தொழிலாளியும் ஒரே அணியில் நிற்பார்கள். எந்த அனுமானத்தை எடுக்கிறோமோ அதற்கேற்ப அரசியல் அணிகளும் மாறும். இது விளங்கிவிட்டால் வர்த்தக அரசியல் பற்றிய கட்டுரைகளில் பாதி விளங்கிவிடும்.

கணக்கைப் பொறுத்தவரை சதவீதம், மடக்கை, ஒரு ரெக்ரஷன் அட்டவணையைப் படிக்கும் திறன் போதும். கெழு (தொடர்பின் அளவைக் காட்டும் எண்) எந்தப் பக்கம் சாய்கிறது, திட்டப்பிழை (அந்த எண்ணின் நிச்சயமின்மை) எவ்வளவு, வேறு எந்தக் காரணிகளைக் கணக்கில் சேர்த்துக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

வாசிப்பில் போலன்யி (The Great Transformation, 1944), கிண்டில்பெர்கர் (The World in Depression, 1973), கில்பின் (The Political Economy of International Relations, 1987), ஸ்ட்ரேஞ்ச் (States and Markets, 1988) ஆகியோரை இந்த வரிசையிலேயே படிக்கலாம். கில்பின் வழியாகப் பரவிய தாராளவாதம், தேசியவாதம், மார்க்சியம் என்ற மூன்று பெட்டிகளில் எச்சரிக்கை தேவை. எந்த நிகழ்வையும் மூன்று பத்திகளில் மூன்று பார்வையாக எழுதி, கடைசியில் 'மூன்றிலும் உண்மை இருக்கிறது' என்று முடிக்கும் கட்டுரைக்கு மதிப்பெண் விழாது. எந்த விளக்கம் எங்கே தோற்கிறது என்று காட்டினால் விழும்.

தரவைத் தொடும்போது சில பொறிகள் உண்டு. ஐ.நா.வின் காம்ட்ரேட் என்ற வர்த்தகத் தரவுத் தளத்தில் ஒரு நாடு சொல்லும் ஏற்றுமதியும் எதிர்நாடு சொல்லும் இறக்குமதியும் ஒத்துப்போகாது. பொதுவாக இறக்குமதி மதிப்பில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேரும், ஏற்றுமதியில் சேராது. இடையில் ஹாங்காங் போன்ற துறைமுகம் வழியாக மறு ஏற்றுமதி நடந்தால் இன்னும் குழம்பும். ஒவ்வொரு சரக்கு வகைக்கும் தரப்படும் குறியீட்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள்தான் நாடுகளுக்குப் பொது. அதுவும் 2012, 2017, 2022 என்று திருத்தப்பட்டிருக்கிறது, எனவே நீண்ட கால வரிசையில் திடீர்ப் பள்ளம் தெரிந்தால் முதலில் குறியீட்டைச் சந்தேகியுங்கள். நேரடி முதலீட்டில் நெதர்லாந்தும் லக்சம்பர்க்கும் மிகப் பெரிதாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், பணம் அவற்றின் வழியாகக் கடந்து போவதுதான்.

ஆய்வேடு கெடுவது பெரும்பாலும் தலைப்பிலேயே. 'உலக வர்த்தக அமைப்பின் சரிவு' என்பது பேசுபொருள், ஆய்வுக் கேள்வி அல்ல. அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு ஒரு வழக்கை விசாரிக்க மூன்று உறுப்பினர் வேண்டும். அமெரிக்கா நியமனங்களைத் தடுத்ததால் அந்த அமர்வு 2019 டிசம்பரில் முடங்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் வேறு சில உறுப்பினர்களும் 2020இல் மேல்முறையீட்டுக்கு ஓர் இடைக்கால ஏற்பாட்டை உருவாக்கின. ஜப்பான் 2023இல்தான் அதில் சேர்ந்தது. 'ஜப்பான் ஏன் மூன்று ஆண்டுகள் காத்திருந்தது?' என்பது கேள்வி. தென் கொரியாவுக்கு எதிராகத் தொடுத்த துருப்பிடிக்காத எஃகு வழக்கில் தனக்குச் சாதகமாக வந்த அறிக்கை, அந்நாடு 2021இல் முடங்கிய அமர்வுக்கு மேல்முறையீடு செய்ததால் அந்தரத்தில் நின்றது ஒரு காரணமா, அமெரிக்காவின் மனம் கோணக்கூடாது என்ற தயக்கமா என்று இரண்டு போட்டி விளக்கங்களை வைத்துச் சோதிக்கலாம். ஆவணங்களும் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். ஜப்பானிய மொழி தெரியாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை மட்டும் தொடங்கும் முன்பே நெறியாளரிடம் பேசிவிடுங்கள். மொழி தடையாகும் என்று அவர் சொன்னால், ஆங்கிலத்தில் ஆவணம் வெளியிடும் நாடு ஒன்றுக்கு இதே கேள்வியை மாற்றிக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தின் நோக்க அறிக்கையிலும் இதே அளவுள்ள ஒரு கேள்வியை எழுதுங்கள். பொருளியல் படிக்காததை மறைக்க வேண்டாம். எந்த இணையப் பாடத்தை முடித்தீர்கள், எந்த நாட்டின் செலுத்துநிலையைப் படித்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் தேர்வுக் குழுவின் முதல் சந்தேகத்துக்கு விடை கிடைத்துவிடும்.