1492 என்று போட்ட கொலம்பஸ் வெள்ளிக் காசு தாத்தா பெட்டியில் கிடைத்தது. தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கலாமா? என்ன பெறும்?

முதலில் ஒன்று: தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பல்பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கும் வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கும் செய்வதைக் காசுக்கும் செய்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

உங்களிடம் இருப்பது அநேகமாக 1892 அல்லது 1893-ல் அச்சடித்த அமெரிக்க அரை டாலர். ஒரு பக்கம் கொலம்பஸின் தலை. மறுபக்கம் பாய்மரக் கப்பல், அதன் கீழே இரண்டு உலக உருண்டைகள். அந்த உருண்டைகளுக்கு இந்தப்பக்கம் 14, அந்தப்பக்கம் 92. அது கொலம்பஸ் கரை கண்ட வருஷம். காசின் வருஷம் அதற்கும் கீழே, விளிம்பை ஒட்டி இருக்கும். தேய்ந்த காசில் அது மங்கியிருக்கலாம், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

கொலம்பஸ் பயணத்தின் 400-ஆம் ஆண்டை ஒட்டி 1893 மே முதல் அக்டோபர் வரை சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதை நடத்தியவர்கள் அமெரிக்க காங்கிரஸிடம் 50 லட்சம் டாலர் கேட்டார்கள். காங்கிரஸ் கொடுத்தது 25 லட்சம். அதையும் 50 லட்சம் அரை டாலர் காசுகளாக அடித்துக் கொடுத்தது. ஒன்றை ஒரு டாலருக்கு விற்றால் கேட்ட தொகை கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. முதல் காசை ரெமிங்டன் தட்டச்சு இயந்திரக்காரர்கள் 10,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். நாளிதழ்களுக்கு நல்ல செய்திதான், ஆனால் பொதுமக்கள் அப்படி வாங்கவில்லை. கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணமே 50 சென்ட். அதே 50 சென்ட் மதிப்புள்ள காசுக்கு ஒரு டாலர் எதற்கு என்று யோசிக்கத்தானே செய்வார்கள்? அந்த வருஷம் அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாக மூடிய பண நெருக்கடி வேறு.

1892 தேதியில் 9,50,000 காசும், 1893 தேதியில் 40 லட்சத்துக்குச் சற்று மேலும் அடித்தார்கள். அதில் சுமார் 25 லட்சத்தைத் திரும்ப உருக்கினார்கள். விற்காமல் மிஞ்சியதில் ஏராளமான காசு முகமதிப்புக்கே புழக்கத்தில் போனது. கடைத்தெருவில் கைமாறித் தேய்ந்த காசுகள் இன்றும் நிறையக் கிடைப்பது இதனால்தான். "அமெரிக்காவின் முதல் நினைவுக் காசு" என்பது உண்மை. "மிக அரிது" என்பது உண்மையில்லை. தேய்ந்த காசு வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். புழங்காத காசுக்குத்தான் நல்ல விலை. நான் ரூபாய்க் கணக்கு சொல்லவில்லை என்று யாரும் கோபிக்க வேண்டாம். காசைக் கையில் பிடித்துப் பார்க்காமல் விலை சொல்பவரை நம்பக் கூடாது.

நீங்களே பார்க்க வேண்டியவை இவை. எடை 12.5 கிராம், விட்டம் 30.6 மில்லிமீட்டர், விளிம்பு முழுக்க வரிப்பள்ளம். வெள்ளி 90 சதவீதம், மீதி செம்பு. அதாவது சுத்த வெள்ளி 11.25 கிராம். காந்தம் ஒட்டக் கூடாது. அதோடு விடாமல் அடர்த்தியையும் பாருங்கள். நகைக்கடைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முங்கவிடுங்கள். தராசு 1.21 கிராம் அளவில் காட்ட வேண்டும். காசின் எடையை அதால் வகுத்தால் 10.3 வரும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தராசு கூடுதலாகக் காட்டும், நல்ல காசே போலி போலத் தெரியும். மெதுவாக ஆட்டிக் குமிழியை விடுவித்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

தேய்மானம் முதலில் தெரிவது கொலம்பஸின் புருவத்திலும் கன்னத்திலும், மறுபக்கம் கப்பலின் பின்பாயின் உச்சியிலும். அந்த இடங்கள் சாம்பல் பூத்துத் தட்டையாக இருந்தால் புழங்கிய காசு. புழங்காததை விளக்கடியில் சாய்த்தால் ஒளி வண்டிச்சக்கர ஆரம் போலச் சுழலும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் ஓடிய நுண்வரிகள் செய்யும் வேலை அது. விபூதி போட்டுத் தேய்த்தால் போவது அந்த வரிகள்தான். பிறகு காசு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மினுக்கும், லென்ஸில் இணைக்கீறல்கள் தெரியும், விலை அங்கேயே விழுந்துவிடும். கறுத்த காசு விலை போகாது என்று நினைக்காதீர்கள். இயல்பாகப் படிந்த கறுப்பை விரும்பி வாங்குபவர்கள் உண்டு.

இன்னொன்று. கண்ணாடி போல் மின்னும் 1892 காசையெல்லாம் "புரூஃப்", அதாவது சேகரிப்பவர்களுக்காகத் தனிக் கவனத்தோடு அடித்த காசு என்று விற்கிறார்கள். புரூஃபாக அடித்தது 103 தான். புதிய அச்சில் முதலில் விழுந்த சாதாரணக் காசுகளும் அப்படி மின்னும்.

பெட்டியை இன்னொரு முறை துழாவிப் பாருங்கள். அதே கண்காட்சியின் மகளிர் குழுவுக்காக 1893-ல் ஸ்பெயின் ராணி இசபெல்லாவின் தலையோடு கால் டாலர் அடித்தார்கள்: 24.3 மில்லிமீட்டர், 6.25 கிராம், மறுபக்கம் மண்டியிட்டு நூல் நூற்கும் பெண். அதையும் ஒரு டாலருக்கே விற்றதால் ஜனங்கள் பெரிய காசையே வாங்கினார்கள். 40,000-ல் சுமார் 24,000 தான் மிஞ்சியது. தேட வேண்டிய காசு இதுதான். ஆனால் சங்கிலியில் கோர்க்க வளையம் பற்றவைத்துப் பிறகு ராவியிருக்கிறார்களா என்று தலைக்கு மேலுள்ள விளிம்பைப் பாருங்கள். வரிப்பள்ளம் அங்கே மட்டும் மழுங்கியிருந்தால் பற்றுவைத்த இடம். 1904 செயின்ட் லூயி கண்காட்சியின் தங்க டாலர்களிலும் இதே தொல்லை, அவற்றை ஊசியிலும் புரோச்சிலும் பதித்தும் விற்றார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாகப் பரப்பும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே விலை கேட்காதீர்கள். "பதிவுக் கட்டணம்" என்று முதலில் உங்களிடமே பணம் கேட்பார்கள். ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

விற்கும் வரை காசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்க வேண்டாம், ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போடும். பிவிசி என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் நாளடைவில் பச்சைப் பிசின் படியும். மைலார் (பிவிசி இல்லாத பாலியெஸ்டர்) உறை வாங்குங்கள், விளிம்பை மட்டும் பிடித்துக் காசை உள்ளே தள்ளுங்கள்.