பள்ளியில் இசைப் பாடம் இல்லையே, என்ன செய்ய?

கேள்வி: பெரியம்மா, வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் தேவாரம் பாடுகிறாள். பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் தாளைப் பள்ளியில் கொடுத்தார்கள். கணக்கியல் இருக்கிறது, சுற்றுலா இருக்கிறது, இசை இல்லை. அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. பல்கலைக்கழகத்தில் இசை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பள்ளியை மாற்றலாமா? அவள் அப்பா, 'பாட்டு கோயிலோடு போதும்' என்கிறார்.
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, பள்ளியை மாற்ற அவசரப்படாதீர்கள். தூரத்துப் பள்ளிக்குக் காலையும் மாலையும் பஸ்ஸில் போய் வந்தால் அந்த இரண்டு மணி நேரம் சாதகத்திலிருந்துதான் போகும். பிள்ளைக்கு இப்போது வேண்டியது வேறு. அதற்கு முன் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மேட்ரிக் என்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு 7 பாடங்கள். இரண்டு மொழிகள், கணிதம் அல்லது கணித எழுத்தறிவு, லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் என நான்கு கட்டாயம். மீதி மூன்றுதான் நம் விருப்பம். பள்ளியில் இல்லாத இசையை, அனுமதி பெற்ற வேறொரு மையத்தில் பள்ளி முடிந்த பிறகு படித்து, கூடுதல் பாடமாக எடுக்க வழி உண்டு. கேப் டவுன் பக்கம் பரோவில் ஹியூகோ லாம்ப்ரெக்ட்ஸ் இசை மையத்துக்குப் பல பள்ளிப் பிள்ளைகள் மாலையில் போவது இப்படித்தான். நீங்கள் செய்ய வேண்டியது, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இசைக்கான சப்ஜெக்ட் அட்வைசரைப் பார்த்து, நம் பக்கம் எந்த மையத்துக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்பது. இந்த வருடமே கேளுங்கள். 10, 11, 12 என மூன்று வருடப் பாடம் இது, நடுவில் ஏறிக்கொள்வது மிகவும் கஷ்டம். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் பாடிக் காட்டட்டும்.

அனுமதி கிடைக்கவில்லை என்றாலும் கதவு மூடிவிடாது. இசைப் பட்டப்படிப்புக்கு ஆள் எடுக்கும்போது இங்கே பெரிதாகப் பார்ப்பது நேரில் பாடிக் காட்டும் ஆடிஷனும் இசைக் கோட்பாட்டுத் தேர்வும்தான். பாடுவது உங்கள் மகளுக்கு வரும். கோட்பாடு வராது, ஏனென்றால் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்றைக்கே தொடங்க வேண்டியது அதுதான்.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். 1975-ல் எனக்கு 15 வயது. எங்கள் பள்ளியிலும் இசை கிடையாது. வீட்டில் தாத்தாவின் ஹார்மோனியம், மாலைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பாட்டு வாத்தியார், அவ்வளவுதான். யாரோ சொல்லி யுனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) நடத்தும் கோட்பாட்டுத் தேர்வு எழுதப் போனேன். ஜி மேஜர் ஸ்கேலை எழுதச் சொன்னார்கள். ஐந்து கட்டையில் சங்கராபரணம் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் பாடியிருப்பேன். தாளில் ஐந்து கோட்டின் மேல் புள்ளிகளை வரிசையாக வைத்தேன், எஃப்-க்கு ஷார்ப், அதாவது அரைச்சுரம் ஏற்றும் குறி, போடவில்லை. காதுக்கு நி எங்கே என்று தெரியும், கைக்குத் தெரியவில்லை. அந்தத் தேர்வில் தேறவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஹார்மோனியத்தைத் திறக்கவே இல்லை.

அன்று எனக்கு யாரும் சொல்லாததை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். நம் ச நகரும், மேற்கத்திய இசையின் சி நகராது. ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி. சங்கராபரணமும் மேஜர் ஸ்கேலும் சுரத்தில் ஒன்றே. ச-வை ஜி-யில் வைத்தால் நி போய் எஃப் ஷார்ப்பில் உட்காரும். கோயிலில் பழம்பஞ்சுரம் என்ற தேவாரப் பண்ணைச் சங்கராபரணத்தில்தானே பாடுகிறோம்? அப்படியென்றால் அவள் மேஜர் ஸ்கேலை எட்டு வயதிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறாள். அதுபோல நடபைரவி நேச்சுரல் மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர், கல்யாணி லிடியன். தெரிந்த பதிகம் ஒன்றை எடுத்து, முதல் இரண்டு அடியை ஐந்து கோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் ஒரு அடிக்கே ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். ஒன்று மட்டும்: கமகத்தை அப்படியே எழுத்தில் கொண்டுவர முடியாது. மேற்கத்திய ஆடிஷனுக்குச் சுரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தவும் பழக வேண்டும். அதற்காகக் கோயிலில் கமகத்தை விட்டுவிட்டுப் பாடச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பழக்கமும் ஒரு தொண்டையில் இருக்கலாம், என் தொண்டையில் இருக்கிறது.

தேர்வு என்று பார்த்தால் யுனிசா, லண்டனைச் சேர்ந்த ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி ஆகிய மூன்று அமைப்புகளின் தேர்வுகளையும் நம் நாட்டில் எழுதலாம். மூன்றிலும் 8 கிரேடு வரை உண்டு. ஏபிஆர்எஸ்எம்-மில் 6-ஆம் கிரேடு பாட்டுக்கோ வாத்தியத்துக்கோ போகும் முன் கோட்பாட்டில் 5-ஆம் கிரேடோ அதற்கு ஈடான ஒன்றோ தேறியிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. நான் ஏபிஆர்எஸ்எம் பக்கம்தான் சாய்வேன், அந்தக் கட்டாயம் பிள்ளைக்கு நல்லது. கோட்பாட்டில் 5-ஆம் கிரேடு வரை இப்போது கணினியிலேயே எழுதலாம். வீட்டில் 61 விசைகள் வைத்த பழைய கீபோர்டு ஒன்று இருந்தால் போதும், பியானோவுக்குக் கடன் வாங்காதீர்கள். டர்பன் நகரத்துக்குள் டர்பன் மியூசிக் ஸ்கூல் இருக்கிறது, அங்கேயும் ஒரு சனிக்கிழமை போய் விசாரியுங்கள்.

அப்புறம் அவள் அப்பா. அவர் பயப்படுவதில் தப்பில்லை, பிள்ளையின் சாப்பாட்டை நினைத்துத்தான் சொல்கிறார். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பட்டப்படிப்புக்குப் போக மேட்ரிக்கில் நான்கு பாடங்களிலாவது 50 சதவீதம் வேண்டும், அதனால் மற்ற பாடங்களை அவள் விடப்போவதில்லை. கணக்கியலும் இருக்கட்டும், கோட்பாடும் இருக்கட்டும். ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கோயிலில் கடைசி வரிசையில் இல்லாமல் முன்னால் உட்கார வையுங்கள்.

கேள்வி: நான் டொங்காட்டில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். மிருதங்கம் ஐந்து வருடமாக வாசிக்கிறேன். எங்கள் பள்ளியிலும் இசை இல்லை. இருந்திருந்தாலும் அதில் மிருதங்கம் இருந்திருக்குமா?
– ஒரு மாணவன்

பதில்: தம்பி, நல்ல கேள்வி கேட்டாய். மேட்ரிக் இசைப் பாடத்தில் மூன்று பிரிவுகள்தான்: மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ், ஆப்பிரிக்க மண்ணின் இசை. கர்நாடக இசைக்கென்று பிரிவு கிடையாது. 1860-ல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த ஜனங்களின் இசைக்கு இந்தப் பட்டியலில் தனி இடம் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான். வெஸ்ட்வில்லில் இருந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் இந்திய இசையைப் பாடமாகவே படித்தார்கள். 2004-ல் அது நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது.

பதினோராம் வகுப்பில் நீ புதிதாக ஒரு பாடத்தில் சேர்ந்து திண்டாட வேண்டாம். மேட்ரிக்கை நன்றாக முடி. பிறகு உனக்கு இரண்டு பாதை. ஒன்று சென்னை. 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கி, இப்போது திருவான்மியூரில் இருக்கும் கலாக்ஷேத்ராவில் மிருதங்கத்தையே முழுநேரமாகப் படிக்கலாம். இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றம் வெளிநாட்டு மாணவர்களுக்கு இசைக்கும் நடனத்துக்கும் உதவித்தொகை தருகிறது. டர்பனில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் விவரம் கேள்.

இன்னொன்று நம் ஊரிலேயே, குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹவார்ட் கல்லூரி வளாகத்தில் ஜாஸ். ஜாஸ் பியானோக் கலைஞர் தாரியஸ் புரூபெக் 1983-ல் டர்பனுக்கு வந்து தொடங்கி வைத்த படிப்பு அது. ஜாஸ் என்றதும் முகம் சுளிக்காதே. கண்டத்தில் ஐந்தும் மிஸ்ரத்தில் ஏழும் எண்ணிப் பழகியவன் நீ, அவர்கள் ஐந்தில் வாசிப்பது உனக்குப் புதிதாக இருக்காது. தாளத்தில் இடத்தை விடாமல் கற்பனையாக வாசிப்பதும் உனக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் டிரம் செட்டை இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும், தாளக் குறியீட்டையும் படிக்க வேண்டும். உன் குருவிடம் சொல்லிவிட்டுச் செய், மறைத்துச் செய்யாதே.

கேள்வி: எனக்கு 58 வயது, டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். சின்ன வயதில் பாட்டுப் படிக்க வழியில்லை. என் ஆயா (பாட்டி) கரும்புத் தோட்டத்தில் பாடிய தாலாட்டு மட்டும்தான் முழுதாகத் தெரியும். இனிமேல் ஒரு தேர்வு எழுத முடியுமா?

பதில்: முடியும் அம்மா. இந்தக் கிரேடு தேர்வுகளுக்கு வயது வரம்பு இல்லை. இன்னொன்று தெரியுமா? ஏபிஆர்எஸ்எம் குரல் தேர்வில் மற்றப் பாட்டுகளோடு, பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு நாட்டுப்பாட்டும் பாடலாம், எந்த மொழியிலும் பாடலாம். உங்கள் ஆயாவின் தாலாட்டு அதற்கு அப்படியே பொருந்தும். மற்றப் பாட்டுகளை ஒரு ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். முதலில் அந்தத் தாலாட்டின் வரிகளை, ஞாபகத்தில் உள்ளபடியே, பேச்சு வழக்கைத் திருத்தாமல் ஒரு தாளில் எழுதுங்கள். போனில் பாடிப் பதிவும் செய்யுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்பினால், உங்கள் கட்டையில் சுரம் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.