பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார்?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை ஐந்தாறு வருடமாக வாசிக்கிறேன். நாய்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள் என்பதால் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எட்டு மாதத்துக்கு முன்னால் சாலையோரம் அடிபட்டுக் கிடந்த நாய் ஒன்றைத் தூக்கி வந்தேன். கழுத்தில் நைந்துபோன பட்டை இருந்தது. யாரோ வளர்த்துவிட்டு விட்டுப்போன நாய். செவலை என்று பெயர் வைத்தோம். வயது இரண்டு மூன்று இருக்கும் என்றார் மருத்துவர். கால் சரியாகிவிட்டது. இவ்வளவு சாதுவான நாயை நான் பார்த்ததில்லை. ஆனால் தனியாக விட்டால் வேறு ஆள். நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் வாசல் கதவின் அடிப்பகுதியைப் பிறாண்டிப் பெயர்த்து வைத்திருக்கிறான். ஊளை வேறு. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து, “பத்தரைக்கு ஆரம்பித்தால் மதியம் வரை நிற்பதில்லை” என்று சொல்லிவிட்டார்.

நான் போனால் ஒன்பது மணி நேரம் வீட்டில் யாரும் கிடையாது. அதனால் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிட நினைத்து, “அன்பான, அமைதியான நாய்” என்று படத்தோடு அறிவிப்புப் போட்டேன். முதலில் கூட்டிப்போனவர்கள் நான்காம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது குடும்பம் பதினோராம் நாள். “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்று கேட்டார்கள். சொன்னால் யார் எடுத்துக்கொள்வார்கள்?

துணைக்கு இன்னொரு நாய் சேர்க்கச் சொல்கிறார்கள் சிலர். கூண்டில் போடச் சொல்கிறார்கள் சிலர். அவனைக் கொடுப்பதே துரோகம் என்கிறாள் என் தங்கை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

துரோகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆளில்லாமல் இருக்க முடியாத ஒரு நாய், ஒன்பது மணி நேரம் ஆளில்லாத வீட்டில் இருக்கிறது. அதற்கு வேறு இடம் தேடுவது துரோகம் என்றால், வாரத்தில் இரண்டு நாள் வந்து அவனோடு உட்கார்ந்திருக்க முடியுமா என்று தங்கையிடம் கேட்டுப் பாருங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்த இரண்டு நாள் பின்னால் தேவைப்படும்.

“அமைதியான நாய்” என்று எழுதியது பொய்யில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது அமைதியான நாய்தான். முன்பாதியை மட்டும் விட்டுவிட்டீர்கள். நானும் விட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் மணி என்றொரு கறுப்பு நாய் எங்கள் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தது. அதைப் பார்க்க ஒருவர் வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டார், கண் கலங்கினார். இதைவிட நல்ல மனசு எங்கே கிடைக்கும் என்று கொடுத்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் கொண்டுவந்து விட்டார். மணியின் முன்காலில் இரண்டு நகங்கள் பெயர்ந்திருந்தன. மனிதர் அன்றும் அழுதார். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வீடு திரும்புகிறவர் அவர். நான்தான் அதைக் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து நாய் கேட்டு வருகிறவர்களின் மனசை நான் ஆராய்வதில்லை. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. செவலைக்கு உண்மையில் என்ன என்று பார்க்க வேண்டும். செல்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்து, படம் பிடிக்க விட்டு, பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். மணியை அப்படிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதல் நிமிடம் கதவையே பார்த்து நின்றது. அப்புறம் கொட்டாவி விட்டது. நாய்க்குக் கொட்டாவி தூக்கத்தில் மட்டும் வருவதில்லை, பதற்றத்திலும் வரும். பிறகு கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மோப்பம் பிடித்தது. ஏழாம் நிமிடம் ஊளை. நான் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் உள்ளங்கையகலத்துக்கு எச்சில் தேங்கியிருந்தது. நான் வைத்துவிட்டுப் போன இறைச்சித் துண்டு அப்படியே கிடந்தது. என்னைச் சுற்றி நாலு தடவை ஓடி முடித்த பிறகுதான் அதற்குப் பசி வந்தது.

பொழுது போகாமல் அழிச்சாட்டியம் செய்கிற நாய் வேறு மாதிரி. நன்றாகத் தூங்கி எழுந்து, வைத்ததைத் தின்றுவிட்டு, சாவகாசமாகச் செருப்பையோ தலையணையையோ எடுத்துக்கொள்ளும். பிரிவுப் பதற்றம் உள்ள நாய், அதாவது மணி மாதிரி ஆள் போனாலே பீதியாகிற நாய், பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடும், அதுவும் ஆள் போன கதவிலும் ஜன்னலிலும்தான் கை வைக்கும். நம் இலக்கணத்தில் பிரிவுக்கென்றே ஒரு திணை வைத்து, ஓதப் போவது, தூது போவது, பொருள் தேடப் போவது என்று வகைவகையாகப் பிரித்திருக்கிறார்கள். நாய்க்கு அந்த வகையெல்லாம் கிடையாது. நீங்கள் குப்பை கொட்டப் போனாலும் பொருள்வயிற் பிரிவுதான்.

அடுத்து, அவன் தேடுவது உங்களையா, யாரோ ஒரு மனிதரையா? தங்கையை வீட்டில் வைத்துவிட்டு நீங்கள் மட்டும் வெளியே போய்ப் பாருங்கள். அவளருகில் போய்ப் படுத்துவிட்டான் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. எப்போதும் யாராவது ஒருவர் இருக்கிற வீடு போதும் அவனுக்கு. அவள் இருந்தும் கதவை விட்டு நகரவில்லை என்றால் வேலை நீளும். அந்த இரண்டு குடும்பங்களையும் கூப்பிட்டு, அவர்கள் வீட்டில் இருந்தபோது எப்படி இருந்தான் என்று கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் அவர்களிடம் இருக்கிற தகவல் உங்களிடம் இல்லை. பத்து நாள் விடுப்பில் கூடவே இருந்துவிட்டு, பதினோராம் நாள் எல்லோரும் ஒன்றாக வேலைக்குக் கிளம்பிப் போயிருக்கவும் கூடும்.

நாய்களை வைத்து ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் என்றதும், மணியோசை கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறப் பழக்கியதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கு 1924ஆம் ஆண்டின் லெனின்கிராட் வெள்ளம் ஞாபகம் வரும். அவருடைய நாய்க் கொட்டடிகளில் தண்ணீர் ஏறி, நாய்கள் கடைசி நேரத்தில் காப்பாற்றப்பட்டன. பிறகு பார்த்தால், சில நாய்களுக்குச் சோதனைகளில் அப்படிப் படிந்திருந்த பழக்கங்கள் கலைந்துபோயிருந்தன. அதில் ஒரு நாய்க்கு, வழக்கமாக அறைக்கு வெளியே இருக்கும் ஆய்வாளர் உள்ளே வந்து கூட உட்கார்ந்தபோது பழையபடி எல்லாம் திரும்பியது. அவர் வெளியே போனால் மறுபடி போய்விட்டது. பின்னர் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் கசிய விட்டதற்கே அது கலங்கிப்போனது. அந்த நாய்க்குச் செவலையின் நோய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பயந்த நாய்க்குப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சொல்கிறேன்.

கதவைப் பெயர்ப்பது குறும்பில்லை, பயம். அதனால் திரும்பி வந்து திட்டுவதில் பயனில்லை. “தப்பு செய்தது அதற்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்கள்” என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார். அந்தத் திருட்டு முழி நாய் தப்பு செய்ததற்காக வருவதில்லை, நாம் திட்டுவதால் வருகிறது.

கூண்டு வேண்டவே வேண்டாம். பீதியில் இருக்கும் நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். இன்னொரு நாய், அதை அதற்காகவே விரும்பினால் வளர்க்கலாம். செவலை தேடுவது மனிதரை. ஊளைக்குப் பக்கப்பாட்டு கிடைத்ததுதான் மிச்சமாகும்.

மருத்துவரிடம் மறுபடி போங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள். வலி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் அவர் பார்க்கட்டும், அடிபட்ட கால் அல்லவா. மருந்து என்றாலே நாயை மயக்கிப் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறோம். அப்படியில்லை. க்ளோமிப்ரமின், ஃப்ளூவாக்செட்டின் இரண்டும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள், முதலாவது 1998இல், அடுத்தது 2007இல். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். அவசியமா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; மனிதர்களுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் கூடாது. எதுவானாலும் அவன் உங்களிடம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். புது வீட்டுக்குப் போய்ச் சேரும் நாளில் சிகிச்சை பாதி வழியிலாவது இருக்கட்டும்.

பயிற்சி மகா சலிப்பானது. சாவிக் கொத்தை எடுத்து, எங்கேயும் போகாமல் மறுபடி உட்காருங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை. சாவிச் சத்தத்துக்கு அவன் தலை தூக்காத நாள் ஒன்று வரும். அப்புறம் கதவைத் திறந்து மூடுவது. அப்புறம் வெளியே ஐந்து விநாடி. பயம் தொடங்குவதற்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதுதான் சூட்சுமம். நாற்பது விநாடியில் காது விறைக்கிறது என்றால் முப்பதில் வந்துவிடுங்கள். மணியோடு இரண்டு நிமிடத்தை எட்ட எங்களுக்கு மூன்று வாரம் ஆனது, நடுவில் ஒருநாள் ஐந்து விநாடிக்கே திரும்பிப் போனோம். இதெல்லாம் நடக்கிற காலத்தில் அவனால் தாங்க முடிகிறதற்கு மேல் தனியாக விடவே கூடாது. அங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள். உங்கள் ஒன்பது மணி நேரத்தைத் தங்கையும் நண்பர்களும் பகலில் நாய் பார்த்துக்கொள்கிற யாராவதும் பங்குபோட வேண்டியிருக்கும். முழுதாக முடியாவிட்டால் முடிந்தவரை.

சரி, அறிவிப்பு. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: “செவலை. இரண்டு மூன்று வயது. மனிதர் பக்கத்தில் இருந்தால் காலடியில் படுத்துத் தூங்குவான். தனியாக விட்டால் ஊளையிடுவான், கதவைப் பிறாண்டுவான். இரண்டு வீடுகளிலிருந்து இதனால் திரும்பி வந்தவன். மருத்துவரிடம் காட்டி வருகிறோம், பயிற்சி நடக்கிறது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர், ஓய்வு பெற்றவர், எந்நேரமும் ஆளிருக்கும் கூட்டுக் குடும்பம் என்றால் பேசலாம்.” முன்பு நாற்பது பேர் கூப்பிட்டிருந்தால் இதற்கு இரண்டு பேர்தான் கூப்பிடுவார்கள். மிச்சம் முப்பத்தெட்டுப் பேரும் நான்காம் நாளோ பதினோராம் நாளோ திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டியவர்கள்.

கூப்பிடுகிறவரை ஒரே நாளில் கூட்டிப்போக விடாதீர்கள். இரண்டு மூன்று தடவை வந்து அவனோடு நடக்கட்டும். நீங்கள் எடுத்த ஊளைப் படத்தை முழுதாகக் காட்டுங்கள், சத்தத்தோடு. அதைப் பார்த்துவிட்டு, “டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்கிறவர் தேறுவார். “எங்கள் வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறவரைப் பார்த்து நான் கொஞ்சம் பயப்படுவேன். முதல் ஒரு மாதம் பரீட்சைக்கு என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் உங்களிடம்தான் திரும்ப வர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நாட்கள் வருவதற்காகக் காத்திருக்காமல், முதல் நாளிலிருந்தே அந்த ஐந்து விநாடிப் பயிற்சியை அவர்களும் செய்யட்டும்.

கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. பத்தரையிலிருந்து மதியம் வரை ஊளை நிற்பதில்லை என்று கீழ்வீட்டுக்காரர் கணக்குச் சொல்கிறார். அப்படியானால் அவர் அந்த நேரமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு முறை அவர் படியேறி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை செவலையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் ஒருமுறை கீழே இறங்கிப் போய், பேச்சை மன்னிப்பில் ஆரம்பித்துப் பாருங்கள்.