கேன் தண்ணியில் ஏது மினரல்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு கேன் மினரல் வாட்டர் வாங்குகிறோம். அந்த மினரல் பூமியிலிருந்து வருகிறதா, பாக்கெட்டிலிருந்து வருகிறதா?

பாக்கெட்டிலிருந்துதான் அம்மா, அதுவும் ஒழுங்காகப் போட்டிருந்தால். நீங்கள் வாங்குவது மினரல் வாட்டரே கிடையாது. அடுத்த முறை கேன் வந்ததும் லேபிளைப் படித்துப் பாருங்கள், 'பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்' என்றுதான் இருக்கும். அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 14543. நிஜமான இயற்கை மினரல் வாட்டருக்கு எண் வேறு, ஐ.எஸ். 13428. கேன் தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீர். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி எல்லாம் தாண்டி ஆர்.ஓ.வில் உப்பை உருவி எடுத்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் கால்சியம், மக்னீசியம் கலந்து, புற ஊதா ஒளியோ ஓசோனோ காட்டி அடைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் குடிக்க நல்ல தண்ணீர்தான், பெயர்தான் தப்பு. ஆனால் பெட்டிக்கடையில் போய் "ஒரு பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர் கொடுங்க" என்றா கேட்க முடியும்?

தர்மபுரியிலிருந்து ஒருவர்: எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் 900 காட்டுகிறது. அவ்வளவு உப்பும் மினரல்தானே, நாங்கள் ஏன் அதையே குடிக்கக் கூடாது?

மினரல்தான், ஆனால் எந்த மினரல் என்று அந்த மீட்டருக்குத் தெரியாது ஐயா. மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு குத்துமதிப்பு சொல்லும், அவ்வளவுதான். உங்கள் மாவட்டத்துப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் மஞ்சள் கறை படிவதும் எலும்பு பாதிப்பதும் அதனால்தான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இயற்கையாக வந்ததெல்லாம் நல்லது என்று தண்ணீர் விஷயத்தில் மட்டும் நம்பிவிடாதீர்கள். லேப்பில் கொடுத்துச் சோதியுங்கள்.

மீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு ஆர்.ஓ. விற்க வருகிறவர் அதே மீட்டரை எவியான் என்ற பிரெஞ்சு மினரல் வாட்டர் பாட்டிலில் விட்டால் 300-ஐ ஒட்டிக் காட்டும். "சார், தண்ணி சரியில்லை" என்பார், பாவம்.

மதுரைக் கல்லூரி மாணவர் ஒருவர்: நிஜமான மினரல் வாட்டரை எப்படித்தான் எடுக்கிறார்கள்?

சரி, அந்த எவியானையே எடுத்துக்கொள்வோம் தம்பி. பிரான்சில் ஜெனிவா ஏரியின் தென்கரையில் எவியான்-லெ-பேன் என்று சின்ன ஊர், அதற்கு மேலே கவோ என்ற பீடபூமி. அங்கே பெய்யும் மழையும் உருகும் பனியும் மண்ணுக்குள் இறங்குகின்றன. பனி யுகத்துப் பனியாறுகள் அரைத்துக் கொட்டிவிட்டுப்போன மணலும் சரளையும் அடியில் அடுக்கடுக்காகக் கிடக்க, மேலும் கீழும் களிமண். களிமண் தண்ணீரை விடாது, மணல் விடும். அதனால் நடுவே அகப்பட்ட தண்ணீர் அந்த மணலுக்குள்ளேயே மெல்ல மெல்ல ஊர்ந்து ஊர்ப்பக்கம் வந்து சேரப் பதினைந்து வருஷத்துக்கும் மேலாகிறது. இன்று பாட்டிலில் அடைபடும் தண்ணீர் மழையாகப் பெய்த நாளில் நீங்கள் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டீர்கள்.

வரும் வழியில் கல்லிலும் மணலிலும் இருப்பதைக் கரைத்துக்கொண்டு வருகிறது, லிட்டருக்குக் கால்சியம் 80 மில்லிகிராம், மக்னீசியம் 26. வெளியே வரும்போது 11.6 டிகிரி, கோடையிலும் அதே, குளிரிலும் அதே. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு மழை பெய்ததும் ஊற்றின் சூடோ உப்போ மாறினால், மேல்தண்ணீர் எங்கோ கலக்கிறது என்று அர்த்தம். மாறாமல் இருப்பதுதான் மினரல் வாட்டருக்குச் சான்றிதழ்.

எடுப்பது பொதுவாக நம்மூர் மாதிரியே ஆழ்துளை போட்டுத்தான். நாமும் கேசிங் இறக்குகிறோம், மேல்மண் சரியாமல் இருக்க. இவர்கள் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்கி, சுற்றியுள்ள இடைவெளியையும் சிமெண்ட் ஊற்றி அடைத்துவிடுவார்கள், மேல்தண்ணீர் ஒரு சொட்டும் குழாயோரமாகக் கசிந்து இறங்காமல் இருக்க. அங்கிருந்து மூடிய குழாயில் நேராக ஆலைக்கு. டேங்கர் லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய் அடைக்க ஐரோப்பியச் சட்டம் விடாது. குளோரின் கூடாது, ஆர்.ஓ. கூடாது, புற ஊதா ஒளியும் கூடாது. இரும்பு, மாங்கனீசு போன்ற சிலவற்றைப் பிரித்தெடுக்கலாம், கரியமில வாயுவைச் சேர்க்கலாம் அல்லது நீக்கலாம். அதோடு சரி.

பாட்டில் பிறப்பது தனி வேடிக்கை. முதலில் அது கழுத்தில் மரை போட்ட ஒரு தடித்த டெஸ்ட் டியூப் மாதிரிதான் இருக்கும். அதைச் சூடாக்கி, அச்சுக்குள் நிறுத்தி, அழுத்தமான காற்றை உள்ளே விட்டால் பலூன்போல உப்பி அச்சின் வடிவத்துக்கு வந்துவிடும். மரை மட்டும் உப்பாது, முன்பிருந்த அளவிலேயே நிற்கும். கையில் இருக்கும் பாட்டிலைத் தடவிப் பாருங்கள், கழுத்து தடிப்பாகவும் உடம்பு காகிதம் மாதிரியும் இருப்பது அதனால்தான்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: பதினைந்து வருஷம் மண்ணுக்குள் கெடாமல் இருந்த தண்ணீர், பாட்டிலுக்கு வந்ததும் ஏன் தேதி தாண்டினால் கூடாதாம்?

நல்லாக் கேட்டீர்கள்! அந்தத் தேதி தண்ணீரைவிட பிளாஸ்டிக்குக்குத்தான் பொருந்தும். பெட் பாட்டில் பார்க்கத்தான் இறுக்கமாக இருக்கிறது, வாசனையும் வாயுவும் மெதுவாக அதை ஊடுருவும். சோப்புத்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் மாசக்கணக்கில் அடுக்கி வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு கல்யாண வீட்டில் எனக்கொரு பாட்டில் கொடுத்தார்கள், சீல்கூட உடைக்கவில்லை, முதல் மடக்கிலேயே சலவை வாடை. தேதியைப் பார்ப்பதோடு, கடைக்காரர் வெயிலில் அடுக்கியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: பிரான்சில் ஒரு கம்பெனி தண்ணீரைச் சுத்தப்படுத்தியதற்காக அபராதம் கட்டியதாமே! சுத்தம் செய்வது ஒரு குற்றமா?

கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். பெரியே, விட்டெல் போன்ற மினரல் வாட்டர்களை விற்கும் நெஸ்லே வாட்டர்ஸ், தடை செய்யப்பட்ட கரி வடிகட்டியும் புற ஊதா ஒளியும் பயன்படுத்தியதை 2024 ஜனவரியில் ஒத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வழக்கை முடித்துக்கொள்ள 20 லட்சம் யூரோ கட்டச் சம்மதித்தது. வடிகட்டினால் தண்ணீர் கெட்டுப்போகாது. ஆனால் "பூமி தந்தபடியே தருகிறோம்" என்று சொல்லித்தானே அந்த விலை வாங்குகிறார்கள்? வடிகட்டிய தண்ணீரை வடிகட்டிய தண்ணீர் என்று சொல்லி விற்றிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்.

இந்தச் சட்டம் இவ்வளவு கறாராக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வடிகட்டக் கூடாது என்றால், மழை விழும் நிலத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. எவியானில் 1992-லேயே மேலே மழை விழும் கிராமங்களும் கீழே ஊற்று உள்ள ஊர்களும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பாட்டிலுக்கு வரும் வரியில் மேட்டுக் கிராமங்களுக்கும் பங்கு. மாட்டுச் சாணம் கண்டபடி நிலத்தில் இறங்காமல் சேகரித்து எரிவாயு எடுக்க ஆலையும் இருக்கிறது. வடிகட்டி வாங்கிப் போடுவது எவ்வளவோ சுலபம்.

சென்னையிலிருந்து ஒருவர்: அப்படியானால் காசைப் பார்க்காமல் எவியானே வாங்கிக் குடிக்கலாமா?

வேண்டாம். அந்தக் கால்சியம் ஒரு டம்ளர் பாலில் அதைவிட அதிகமாகவே கிடைக்கும். ஆசைக்கு ஒரு தடவை வாங்கிக் குடித்துப் பாருங்கள், ஐஸ் போடாமல். எப்போதாவது அந்த ஊருக்கே போக வாய்த்தால் கடைக்குள் நுழைய வேண்டாம், கஷா ஊற்று எங்கே என்று விசாரியுங்கள். தெருவில் குழாய் வைத்திருக்கிறார்கள், அதே தண்ணீர், காசு கிடையாது. உள்ளூர்க்காரர்கள் பழைய பாட்டில்களைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள்.